302-ல் குளித்துக்கொண்டிருப்பவர்

1

போன் அடித்தபோது ஹேசுன் ஒரு மாப்பிள்ளைக் கோட்டின் காலர் கறையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தாள்.

குன்சான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சின்ன லாண்டரி. ஒற்றை ஆள். வயது ஐம்பத்தொன்று. கணவன் போய் நான்கு வருடம்.

திரையில் தங்கையின் பெயர். போரம்.

“அக்கா, வேலையா இருக்கியா?”

“இல்ல, சிம்மாசனத்துல சாஞ்சிட்டிருக்கேன். சொல்லுடி.”

“வி.பி.என். மாத்தப் போறேன்.”

“மறுபடியுமா? நெட்ல ஆளை மறைக்கற ஆப்புன்னு ரெண்டு மாசம் முன்னாடிதானே ஒண்ணைத் தேடிப் புடிச்சே. ஒரு மாசம் ராவும் பகலுமா படிச்சே. மாப்பிள்ளை பாக்கறதுக்குக் கூட நீ இவ்வளவு படிச்சதில்ல.”

“கம்பெனி நல்ல கம்பெனிதான்க்கா. நான் எங்கேருந்து பேசறேன், எதைப் பாக்கறேன்னு ஒரு வரி குறிச்சு வெக்க மாட்டான். இலவசமா குடுக்கறவன் நம்மளையே வித்துடுவான். இவன் அப்படி இல்ல. ஆனா...”

“ஆனா?”

“நாலு பேர் பங்கு போட்டு எடுத்தது உறுத்துது. மத்த மூணு பேர் யாருன்னே தெரியாது. தனியா ஒண்ணு எடுத்துக்கறேன்.”

பங்கு போடு என்று சொன்னதே ஹேசுன்தான். சினிமா பார்க்கிற சந்தாவிலிருந்து எல்லாவற்றையும் முகம் தெரியாத நாலு பேர் சேர்ந்து எடுப்பது நாடு முழுக்க நடக்கிறது. இதில் மட்டும் என்ன? குடியிருப்பு ஆப்பில் யாரோ ஒருவன் மூன்று இடம் காலி என்று போட்டிருந்தான். போரம் சேர்ந்துகொண்டாள்.

“காசு கொழுத்துப் போச்சு உனக்கு” என்றாள் ஹேசுன். “சரி, விலகிக்கோ.”

“விலகறேன்னு குழுத் தலைவனுக்கு மத்தியானமே மெசேஜ் போட்டுட்டேன்.”

போனில் போரமின் வாசல் மணிச் சத்தம். தூரத்தில் ஓர் ஆண் குரல்... “302! பாங் சோல்கு சார் இருக்காரா? பார்சல்!”

போரம் போனை விலக்கிக்கொண்டு கத்தினாள்.

“அவர் குளிச்சிட்டிருக்காரு! வாசல்ல வெச்சிட்டுப் போங்க!”

ஹேசுன் சிரித்துவிட்டாள்.

பாங் சோல்கு என்று ஒருவன் கிடையாது. தனியாக இருக்கும் பெண்கள் பார்சலில் தங்கள் பெயரைப் போடுவதில்லை. கேட்டாலே ஒதுங்கிப் போகிற மாதிரி ஒரு முரட்டு ஆண் பெயர். வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. போரம் பழைய ஆபீஸில் ஒருவன் விடாமல் பின்தொடர்ந்ததால் இரண்டு வீடு மாறி, இன்சியோனில் இந்த ஒற்றை அறைக்கு வந்தவள். அவள் வாசலில் நின்றது செருப்பு அல்ல. இரும்பு முனை வைத்த பூட்ஸ். ஹேசுனின் கணவன் கப்பல் பட்டறைக்குப் போட்டுப்போன பூட்ஸ்.

“வந்ததுலேருந்து குளிச்சிட்டே இருக்கானேடி உன் புருஷன். தோல் உரிஞ்சிடப் போகுது.”

“முதுகு தேய்க்க ஆள் இல்லக்கா, அதான் முடிய மாட்டேங்குது. நீளக் கைப்பிடி வெச்ச தேய்ப்பான் ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன். ஆனா அவருக்கில்ல... உனக்கு. உன் வீட்டுக்கு வரும். அவர் பேர்லதான் போட்டிருக்கேன். நீயும் தனியாத்தானே இருக்கே.”

“எனக்கு எதுக்கு? மாசம் ஒருதடவை நீ வந்தா பொதுக் குளியல் கூடத்துல நீ தேய்ச்சு விடுவே.”

“மத்த இருபத்தொம்பது நாள்?”

ஹேசுன் கோட்டின் காலரைப் பார்த்தாள்.

“சரி வை. கறை காய்ஞ்சிடப் போகுது” என்றாள்.

அதுதான் அவள் தங்கையிடம் சொன்ன கடைசி வார்த்தை. கறை காய்ந்துவிடும் என்பது.

2

மாலை ஏழு மணிக்கு மறுபடி போன் அடித்தது.

திரையில் அதே பெயர். குரல் மட்டும் வேறு.

“நான் இன்சியோன் போலீஸ். இன்ஸ்பெக்டர் தாக். நீங்க போரமோட...?”

“அக்கா.”

“உக்காந்துக்குங்கம்மா.”

மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில் போரம் தலைகுப்புறக் கிடந்தாள். மணி ஆறு இருக்கும். பக்கத்தில் ஒரு பூட்ஸ். இடது கால்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மூன்று நாள் துக்கக் கூடம். ஹேசுன் கறுப்புத் துணியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு வைக்கிற மாட்டிறைச்சிச் சூப் அறுபது பேருக்கு என்று சொன்னார்கள். இருபது போதும் என்றாள். அதிலும் பதினொன்று ஆறிப்போனது.

ஒளிந்து வாழ்ந்தவள் செத்தால் யாருக்குத் தெரியும்? யார் வருவார்கள்?

மூன்றாம் நாள் வந்தவர் ஒரு போலீஸ்காரர். ஆறடி இரண்டு அங்குலம். கதவில் குனிந்து நுழைந்தார். படத்தின் முன் இரண்டு முறை விழுந்து வணங்கிவிட்டு, அவள் எதிரே சம்மணம் போட்டார்.

“தாக். போன்ல பேசினேன். சாப்பாடு போடுவீங்களா?”

ஹேசுன் சூப்பை வைத்தாள். நான்கு வாய் சாப்பிட்டார்.

“அம்மா, உங்க தங்கச்சி புருஷன் எங்கே?”

“யாரு?”

“பாங் சோல்கு. பார்சல் எல்லாம் அவர் பேர்ல. மணிக்குப் பக்கத்துல அவர் பேரு. பூட்ஸ் அவரோடது. அந்த பூட்ஸ் முனையில ரத்தம் இருக்கும்மா. உங்க தங்கச்சியோடது இல்ல. ஒரு ஆம்பளையோடது. அவ அடிச்சிருக்கா. அவன் தள்ளியிருக்கான். அன்னிலேருந்து ஆளைக் காணோம். ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டிட்டோம்.”

ஹேசுன் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள்.

“பூட்ஸோட சொந்தக்காரர் எங்க ஊர்ல ஒரு ஜாடியில இருக்காரு சார். சாம்பலா. என் வீட்டுக்காரர்.”

தாக்கின் ஸ்பூன் நின்றது.

“அப்ப பாங் சோல்கு?”

“நாங்க ரெண்டு பேரும் ஒருநாள் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டே வெச்ச பேரு.”

தாக் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“விளையாடாதீங்கம்மா. அந்தத் தெருவுல எட்டுப் பேர் அவனைப் பாத்திருக்காங்க. அதுல ரெண்டு பேர் கூட உக்காந்து தண்ணியே அடிச்சிருக்காங்க.”

3

வாடகைக் கெடு முடியும்வரை ஹேசுன் 302-லேயே தங்கினாள். லாண்டரிக்குப் பூட்டு.

அறை தீப்பெட்டி மாதிரி. ஒரு கட்டில். ஒரு தட்டு. ஒரு கோப்பை. பல் தேய்க்கும் பிரஷ் மட்டும் இரண்டு... ஒன்று நீலம், புதிது, பாங் சோல்குவுக்காக.

தெருவில் இறங்கினால் அவனைப் பற்றியே பேச்சு.

“ஏன் தெரியாது?” என்றாள் பொரித்த கோழிக் கடைக்காரி. “மலை மாதிரி இருப்பான். கழுத்துல டிராகன் பச்சை குத்தியிருப்பான்.”

“ஒப்பந்தம் போட்ட அன்னிக்கு வெளியில நின்னு சிகரெட் பிடிச்சிட்டிருந்தான். முறைச்சான் பாருங்க...” என்றார் வீட்டுத் தரகர்.

“ராத்திரி குறட்டை விட்டா என் வீட்டுக் கூரை அதிரும்” என்றான் 202-காரன். “பாவம்மா, அந்தப் பொண்ணு எப்படித்தான் தூங்கினாளோ.”

ஹேசுன் யாரையும் மறுக்கவில்லை.

மறுக்கக் கூடாது என்று தாக்கும் சொல்லியிருந்தார். கூடவே அவள் நெஞ்சில் வேறொன்றும் இருந்தது. குறட்டை விட ஓர் ஆள்... பக்கத்தில் படுக்க ஓர் ஆள்... அப்படி ஒருவன் போரமோடு இருந்ததாக இத்தனை பேர் சொல்லும்போது, அரை நொடி அவளே நம்பினாள். அந்த அரை நொடி இதமாக இருந்தது.

பழைய ஆபீஸ்காரன்தான் என்று அவள் அடித்துச் சொன்னாள். தாக் தலையசைத்தார்.

“அவன் ஒரு வருஷமா வியட்நாம்ல வேலை பாக்கறான். அன்னிக்கு அங்கேதான் இருந்தான். அவனில்ல.”

“அப்ப அந்தப் பங்குக்காரங்க? விலகறேன்னு மெசேஜ் போட்டிருக்கா. அன்னிக்குச் சாயங்காலமே செத்திருக்கா.”

“பாத்தேன். தலைவன்னு சொல்றவன் அன்னிக்கே குடியிருப்பு ஆப்புல கணக்கை மூடிட்டு ஓடிட்டான். போட்ட பேரும் பொய், நம்பரும் பொய். அந்த வி.பி.என். கம்பெனிக்கு எழுதினேன். ஏதோ கடல் நடுவுல தீவுல இருக்கு.”

“என்ன சொன்னாங்க?”

“நாங்க யாரைப் பத்தியும் எதையும் குறிச்சு வெக்கறதில்ல, வருந்துகிறோம்னு எழுதியிருக்கான்.”

ஹேசுன் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“அதுக்காகத்தான் சார் அந்தக் கம்பெனியை எடுத்தா. யாருக்கும் சொல்ல மாட்டான்னு.”

“சொன்ன சொல் தவறாதவன்” என்றார் தாக் கசப்பாக. “போலீசுக்கும் சொல்ல மாட்டேங்கறான்.”

4

ஒன்பதாம் நாள். சாயங்காலம்.

போரமின் லேப்டாப்பை ஹேசுன் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பூட்டை ஒரு மாதம் தேடி வாங்கியவளுக்குச் சாவியை ஒளிக்கத் தெரியவில்லை.

மூலையில் வி.பி.என். அடையாளம். சின்னக் கவசம் மாதிரி. தொட்டாள். சந்தா இன்னும் உயிரோடு இருந்தது. ‘நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்றது பச்சை எழுத்து.

ஹேசுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே நகர்த்தினாள்.

‘இந்தச் சந்தாவில் உள்ள கருவிகள்.’

போரமின் போன்.
போரமின் லேப்டாப்.
சமையலறை கம்ப்யூட்டர்.
தடியன் போன்.
காட்சி டேப் 2.

அவள் அந்த முதல் இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியுலகத்துக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் மறைத்தாள். பார்சலில் பாங் சோல்கு. பங்குக் குழுவில் பாங் சோல்கு. வாசலில் பாங் சோல்குவின் பூட்ஸ். ஆனால் போனுக்கு, வாங்கிய அன்று கடைக்காரன் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. போரமின் போன். கூடப் பங்கு போட்ட யாரும் எந்நேரமும் பார்க்கலாம்.

ஹேசுன் வாய் திறந்து சொன்னாள், அறையில் யாரும் இல்லாதபோதும்.

“பங்கு போடுன்னு நான்தானேடி சொன்னேன்...”

ஐந்தாவது வரிக்கு வந்தாள். காட்சி டேப் 2.

எங்கோ பார்த்த எழுத்து.

கீழே... தெருமுனையில்... தினமும் கடக்கிற கண்ணாடி. செல்போன் கடை. உள்ளே வாடிக்கையாளர் தொட்டுப் பார்க்கக் காட்சிக்கு வைத்து, சங்கிலி போட்டுக் கட்டிய டேப்லெட்கள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை ஸ்டிக்கர்.

காட்சி 1. காட்சி 2. காட்சி 3.

அவள் தாக்குக்கு போன் செய்தாள்.

தாக் முழுவதும் கேட்டார். பெருமூச்சு விட்டார்.

“நாட்டுல இருக்கற எல்லா செல்போன் கடையிலயும் காட்சி 2 இருக்கும்மா. இதை வெச்சு ஒருத்தன் கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்க கோர்ட் விடாது. வேற ஏதாவது வேணும்.”

“என்ன வேணும்?”

“பாங் சோல்கு இல்லைன்னு தெரிஞ்சவங்க இந்த ஊர்ல மூணு பேர். நீங்க, நான், அவளைக் கொன்னவன். மத்தவங்க எல்லாரும் அவனோட தண்ணி அடிச்சவங்க.”

ஹேசுன் லேப்டாப்பை மூடினாள்.

“போரமோட நம்பரை மூடணும் சார். சாவுச் சான்றிதழ் எடுத்துட்டு கடைக்குத்தான் போகணும். நாளைக்கு மத்தியானம் போறேன்.”

“தனியாவா?”

“தனியாப் போய் பழக்கம்தான்.”

5

கடைக்காரன் பெயர் யாங் கிபோம். முப்பத்தெட்டு இருக்கும். சிரித்த முகம். இடது முன்கையில் கட்டு.

“வாங்கக்கா, உக்காருங்க. காபி?”

அக்கா. அந்தச் சொல்லை அவள் கேட்டுப் பத்து நாளாயிருந்தது.

“கையில என்ன?”

“சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன்க்கா. வயசாகுது.” பொட்டலக் காபியைக் கலக்கி, கிழித்த பொட்டலத்தாலேயே சுழற்றி நீட்டினான். “என்ன வேலையா வந்தீங்க?”

ஹேசுன் சான்றிதழை மேஜையில் வைத்தாள். அவன் வாசித்தான். முகத்தைச் சுருக்கினான். சரியான அளவு சுருக்கம்.

“302... அடப்பாவமே. நான்தான் அந்தப் பொண்ணுக்கு போன் வித்தேன். தங்கமான பொண்ணு.”

“ஆமா.”

“நீங்க இப்ப அங்கேதான் தங்கியிருக்கீங்களாக்கா?”

“கெடு முடியற வரைக்கும்.”

“பாத்து இருங்க. காலம் கெட்டுக் கெடக்கு. உங்க போன்ல வி.பி.என். இருக்கா? போட்டுக்குங்க. எதை வாங்கணும்னு நான் சொல்றேன். மத்தவன் எல்லாம் வேஸ்ட். தனியா இருக்கற பொண்ணுங்க எல்லாம் இப்ப இதைத்தான் எடுக்கறாங்க. உங்க தங்கச்சியும் அப்படித்தானே...”

நிறுத்தினான்.

அரை வினாடி தாமதமாக.

ஹேசுன் காபியை ஒரு வாய் குடித்தாள்.  

“என் தங்கச்சி தனியா இருந்தாளா?”

“இல்ல... அதாவது...”

“கோழிக் கடைக்காரி டிராகன் பச்சையைப் பாத்திருக்கா. கீழ்வீட்டுக்காரன் குறட்டையைக் கேட்டிருக்கான். உங்க கடைக் கண்ணாடியிலயே நோட்டீஸ் ஒட்டியிருக்கு தம்பி. புருஷனைத் தேடறாங்க. அவ தனியா இருந்தாள்னு உங்களுக்கு யார் சொன்னது?”

கிபோம் எழுந்தான். சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினான்.

க்ர்ர்ர்...

ஷட்டர் இறங்க ஆரம்பித்தது. தெருவின் வெளிச்சம் கால்வரை வந்து, அணைந்தது.

“மத்தியானத்துல கொஞ்ச நேரம் மூடுவேன்க்கா” என்றான் மெதுவாக. “சாப்பாட்டு நேரம்.”

“எதுக்கு அவளை...?”

“நான் ஒண்ணும் பண்ணலை. பேசத்தான் போனேன். விலகறேன்னு மெசேஜ் போட்டா. ஏன்னு கேக்கப் போனேன். ஆரஞ்சு கூட வாங்கிட்டுப் போனேன். கதவுச் சங்கிலியை எடுக்காமயே, அவர் குளிச்சிட்டிருக்காருன்னு சொன்னா.” சிரித்தான். “எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுக்கா. பாங் சோல்குவோட போன் பேரே போரமின் போன். அந்தப் பேரை வெச்சவனே நான். எந்தப் புருஷன்னு கேட்டேன். அவ்வளவுதான்...”

எந்தப் புருஷன்.

அந்த இரண்டு வார்த்தையில் போரமுக்கு எல்லாம் புரிந்திருக்கும். கதவு காப்பாற்றாது. பெயர் காப்பாற்றாது. அவன் கதவுச் சங்கிலியைப் பிடித்து இழுத்திருப்பான். மிஞ்சியது பூட்ஸ் ஒன்றுதான்.

கிபோம் ஓர் அடி முன்னால் வந்தான்.

“அக்கா, உங்க போனைக் குடுங்க.”

டம்... டம்... டம்.

ஷட்டர் அதிர்ந்தது.

கிபோம் திரும்பினான். “யாரு? கடை மூடியாச்சு!”

வெளியிலிருந்து கனமான குரல்.

“பாங் சோல்கு.”

கிபோமின் முகம் வெளுத்தது. பிறகு கோபத்தில் சிவந்தது.

“எவன்டா அது? அப்படி ஒருத்தனே கிடையாது!”

“சரிதான்” என்றது குரல். “ஆனா அது உனக்கு எப்படித் தெரியும்?”

ஹேசுன் கைநீட்டிப் பொத்தானை அழுத்தினாள். ஷட்டர் ஏறியது. முதலில் இரண்டு பெரிய ஷூக்கள் தெரிந்தன. பிறகு முழங்கால்... பெல்ட்... கடைசியில் குனிந்து நுழைந்த தாக். காதில் செல்போன். ஹேசுனின் கோட்டுப் பைக்குள் அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த அழைப்பை அவர் இப்போதுதான் துண்டித்தார். அவருக்குப் பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

“கட்டை அவிழ்க்கலாமா தம்பி? சைக்கிளுக்கு இரும்பு முனை வெச்ச பூட்ஸ் போட்டிருந்ததான்னு பாக்கணும்.”

ஒரு கான்ஸ்டபிள் கட்டை அவிழ்த்தார்.

கட்டுக்கு அடியில், மணிக்கட்டுக்கு மேல், பிறை வடிவில் ஒரு காயம். ஆழமாக. பாதி ஆறியது.

கிபோமுக்கு விலங்கு மாட்டிக் கூட்டிப்போகும்போது கோழிக் கடைக்காரி வாசலில் நின்று தாக்கையே உற்றுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்.

“நான் சொல்லலை? இவன்தான் பாங் சோல்கு. டிராகனைக் காலர் மறைச்சிருக்கு.”

6

ரத்தம் பொருந்தியது. மூன்று நாளில் முடிவு வந்தது.

தாக் ரயில் நிலையம்வரை வந்து வழியனுப்பினார். சாட்சியாகப் பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கும் பூட்ஸ் பிறகு வரும், வழக்கு முடிய வேண்டும் என்றார். நின்றார். போகவில்லை.

“பங்கு போடுன்னு நான்தான் சொன்னேன் சார்” என்றாள் ஹேசுன்.

“தெரியும்மா.”

“அது இல்லேன்னா...”

தாக் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகவே அவரை அவளுக்குப் பிடித்தது. ரயில் நகரும்போது, “சூப் நல்லா இருந்தது” என்றார்.

குன்சானில் லாண்டரியைத் திறந்தாள். மாப்பிள்ளைக் கோட்டின் கறை காய்ந்துபோயிருந்தது. எத்தனை தேய்த்தும் போகவில்லை. வேறு கோட்டுக்குப் பணம் கொடுத்தாள். மாப்பிள்ளை வாங்கிக்கொள்ளவில்லை. துக்கம் கேட்டுவிட்டுப் போனான்.

மாதம் ஒருமுறை போகிற குளியல் கூடத்துக்கு அவள் போகவில்லை. முதுகைக் காட்டி உட்கார ஆள் வேண்டும்.

நாற்பத்தொன்பதாம் நாள். புத்தர் கோயிலில் போரமுக்குக் கடைசிப் பூசை. பிக்கு மந்திரம் சொல்ல, ஹேசுன் தனியாகக் கும்பிட்டுவிட்டு வீடு வந்தாள். இன்னும் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

வாசலில் மணி.



“யாரு?”

“பார்சல்மா! ஸ்டாக் இல்லாம லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. ஏதோ நீளமா இருக்கு.” வெளியே காகிதம் புரளும் சத்தம். “பாங் சோல்கு சார் இருக்காரா?”

ஹேசுன் கதவில் கை வைத்தாள். திறக்கவில்லை. நெற்றியை அதன் மேல் சாய்த்தாள்.

நீளக் கைப்பிடி. மற்ற இருபத்தொன்பது நாளுக்கு.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். தங்கையின் குரல் அவளுக்கு வராது. இருந்தாலும் அந்த வார்த்தைகள் வந்தன.

“அவர் குளிச்சிட்டிருக்காரு. வாசல்ல வெச்சிட்டுப் போங்க.”

“சரிம்மா” என்றான் அவன். காலடி இறங்கியது. பாதிப் படியில் நின்றது. “போன வருஷம் வரைக்கும் இன்சியோன்லதான்மா எனக்கு வேலை. அங்கேயும் இதே பேர்ல ஒருத்தர். எப்பப் போனாலும் குளிச்சிட்டேதான் இருப்பாரு.”

“அவரேதான்” என்றாள் ஹேசுன். “இன்னும் முடியலை.”